பழைய ஐ7-உம் புதிய ஐ3-உம்

கல்முனையின் பிரதான வீதியிலும், அதைத் தொட்டு வடக்கே மருதமுனையிலும் தெற்கே சாய்ந்தமருதிலும் கணினி விற்கும் கடைகளுக்குள் நுழைபவர் கண்ணில் முதலிற் படுபவை, சுவரோரமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும் கறுப்புப் பெட்டிகளே. டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட், லெனோவோ திங்க்சென்டர் என்று முகப்பில் பெயர் பொறித்த அப்பெட்டிகள், எங்கோ ஒரு தேசத்தின் வங்கியிலோ காப்புறுதி நிறுவனத்திலோ சில வருஷங்கள் கணக்கெழுதி, அங்கே புதியவை வந்து சேர்ந்தபின் மொத்த வியாபாரிகளின் கைக்கு மாறி, கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து லொறியில் கிழக்குக் கரையை அடைந்தவை. சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்த ஒரு பையன், கட்டாரில் உழைக்கும் வாப்பா அனுப்பிய பணத்தோடும் துணைக்குத் தன் காக்காவோடும் அப்படியொரு கடைக்கு வந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக்குக் கணினி வேண்டும் என்பது வீட்டில் அவன் சொன்ன காரணம், அது உண்மையுந்தான், ஆனாலும் இஷாவுக்குப் பிறகு நண்பர்களுடன் சேர்ந்து வலோரன்டோ கவுன்டர் ஸ்ட்ரைக்கோ விளையாட வேண்டும் என்பதே அவன் நெஞ்சில் முன்னிற்கும் ஆசை. கடைக்காரர் இரண்டைக் காட்டுகிறார். "இது ஐ7, தம்பி. பாவிச்சதுதான், ஆனா அந்தக் காலத்து ஆகப் பெரிய சாமான். இது ஐ3, பிராண்ட் நியூ, வொரன்டி இருக்கு. ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்லுங்க."

பழைய பெட்டி முழுவதும் புதியதன் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். மிஞ்சும் பணத்தில் நல்ல வீஜீஏ காட் ஒன்றைப் பூட்டலாம் என்ற ஆசையும் எழும். போதாததற்கு, ஏழு என்பது மூன்றைவிடப் பெரிய இலக்கமாயிற்றே என்னும் எண்ணமும் மனத்தைச் சாய்க்கும். ஆனால் அந்த இலக்கம் அந்தந்த வருஷத்துச் சந்தையில் அப்பொருள் வகித்த ஸ்தானத்தைக் காட்டுவதேயன்றி, வேறொரு வருஷத்துப் பொருளோடு ஒப்பிடுவதற்கு உரிய அளவுகோல் அன்று. நம் ஊர்க் குடும்பங்களில் கணினி என்பது அடிக்கடி மாற்றப்படும் பொருளன்று. பிழையாக வாங்கினால் அதன் பாரத்தை அப்பையன் பல்கலைக்கழகம் புகும்வரைக்கும் சுமக்க வேண்டியிருக்கும். ஆகையால் இவ்விஷயத்தை நிதானமாக ஆராய்வது அவசியம்.

முதலில் பணத்தின் கதையைச் சொல்லிவிட வேண்டும். ஐ7 2600 என்னும் புரொசெசரை இன்டெல் நிறுவனம் 2011 ஜனவரியில் வெளியிட்டபோது அதற்குக் குறித்த விலை 294 டொலர். அதே நிறுவனம் 2022 ஜனவரியில் ஐ3 12100 என்பதை வெளியிட்டபோது குறித்த விலை 122 டொலர். 2011இல் டொலர் ஒன்று ஏறக்குறைய 110 ரூபாய். எனவே பழையது அன்றைக்கு 32,000 ரூபாயைத் தாண்டிய பொருள். 2022 ஜனவரியில் டொலர் 200 ரூபாயைச் சற்றே கடந்து நின்றது; எனவே புதியது, வரியும் கப்பற் கூலியும் வியாபாரியின் இலாபமும் சேருமுன், 25,000 ரூபாய்க்கு உட்பட்ட பொருள். பதினொரு வருஷத்தில் சாமர்த்தியம் பெருகி விலை குறைந்த அந்த நற்பேறு நம் நாட்டுக்கு வாய்க்கவில்லை. அவ்வருஷம் மார்ச்சில் ரூபாயின் கட்டு தளர்த்தப்பட, ஏப்ரல் 12ஆம் தேதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக அறிவிக்க, மே மாதமளவில் டொலர் ஒன்று 360 ரூபாயை எட்டியது. அதே ஐ3, அதே 122 டொலர், நான்கு மாதங்களுக்குள் ஏறக்குறைய 44,000 ரூபாயாயிற்று. அதன்மேல் அவ்வருஷத் தொடக்கத்தில் நூற்றுக்கு 8 ஆக இருந்த பெறுமதி சேர் வரி படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 ஆயிற்று. சுவரோரக் கறுப்புப் பெட்டிகளுக்கு இத்தனை கிராக்கி ஏற்பட்டதன் காரணம் இதுவே. நம் பிள்ளைகள் பழையதை நாடியது அறியாமையினாலன்று, நிர்ப்பந்தத்தினால்.

இனி, விளையாட்டு நடக்கையில் புரொசெசர் செய்யும் வேலை யாது என்பதைக் காண்போம். மொனிட்டரில் ஓடும் காட்சி, செக்கன் ஒன்றுக்கு அறுபது அசையாப் படங்களாக வரையப்பட்டு நம் கண்ணை அசைவென்று நம்பவைப்பது. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் அவகாசம் ஒரு செக்கனின் ஆயிரத்தில் 16.7 பங்கு மாத்திரமே. அந்த அற்ப நேரத்துக்குள், எதிராளி எங்கே நிற்கிறான், சுட்ட குண்டு எதிற்படும், இடிந்த சுவர் எவ்வாறு சரியும், கீபோட்டில் எந்த விசை அழுத்தப்பட்டது, சிங்கப்பூரிலோ மும்பாயிலோ உள்ள சேவரிலிருந்து என்ன செய்தி வந்தது என்பவற்றையெல்லாம் புரொசெசர் கணித்து முடித்து, இன்னின்னதை இவ்விவ்விடத்தில் வரைக என்ற கட்டளைப் பட்டியலை வீஜீஏவிடம் ஒப்படைக்க வேண்டும்; வர்ணந்தீட்டி வரைவது வீஜீஏவின் வேலை. மருதமுனைக் கைத்தறி வீடுகளில், ஒருவர் ஊடுநூலைச் சுற்றிச் சுற்றிக் கொடுக்க மற்றவர் தறியில் இருந்து நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இவ்வுறவு எளிதில் விளங்கும். நூல் சுற்றுபவர் பிந்தினால் எத்துணைக் கைதேர்ந்த நெசவாளியும் தறியில் சும்மா இருக்க வேண்டியதுதான்; நெசவாளி மந்தமானவராயின் சுற்றிய நூல் குவிந்து கிடக்கும். பழைய ஐ7-இன்மேல் விலையுயர்ந்த வீஜீஏவைப் பூட்டிவிட்டு, காட்சி ஏன் திக்கித் திக்கி ஓடுகிறது என்று மனம் வருந்துபவர்களின் நிலை முதல் வகையைச் சேர்ந்தது.

தன் கணினியில் பிந்துவது எது என்பதை எவரும் செலவின்றிக் கண்டறியலாம். விளையாட்டின் அமைப்புகளுக்குள் சென்று படத்தின் துல்லியத்தை 1080இலிருந்து 720க்கு இறக்கிப் பாருங்கள். செக்கனுக்கு எத்தனை படங்கள் என்பதைக் காட்டும் எப்.பி.எஸ். எண்ணிக்கை சட்டென உயர்ந்தால் வரைபவரே பிந்துகிறார்; வீஜீஏதான் மாற்றப்பட வேண்டியது. எண்ணிக்கை இருந்த இடத்திலேயே நின்றால், வரைபவர் ஓய்ந்திருக்கக் கட்டளை கொடுப்பவர் மூச்சுவாங்குகிறார் என்று அறிக. இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். எதிராளி ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றுவதும், சுட்ட குண்டு பட்டும் படாததுபோலாவதும் இணையத் தொடர்பின் கோளாறு. சுற்றிலும் நோக்கத் திரும்பும்போது காட்சியே ஒரு கணம் உறைந்து பின் பாய்வதுதான் புரொசெசரின் கோளாறு. பையன்கள் இரண்டையுமே லேக் என்று சொல்லிக்கொண்டு, முன்னதற்கு மருந்தாகப் புதிய புரொசெசரை வாங்குகிறார்கள். கல்முனையிலிருந்து சிங்கப்பூருக்குச் செய்தி போய்த் திரும்பும் நேரத்தை எந்தப் புரொசெசராலும் குறைத்துவிட முடியாது.

அப்படியானால் அந்தப் பழைய ஐ7 எவ்வாறு இத்தனை காலம் தாக்குப் பிடித்தது என்ற கேள்வி எழும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு; இரண்டும் அப்புரொசெசரின் சொந்தச் சிறப்பைவிட, அது வாழ்ந்த காலத்தின் தேக்கத்தையே காட்டுகின்றன. 2011இல் 2600, 2012இல் 3770, 2013இல் 4770, 2015இல் 6700, 2017 தொடக்கத்தில் 7700 என்று வருஷத்துக்கு வருஷம் பெயர் மாறியதேயன்றி, சாதாரண மக்களுக்கென இன்டெல் விற்ற ஐ7 ஒவ்வொன்றும் நான்கு கோர்களும், அதாவது தனித்தனியே கணிக்கும் நான்கு பகுதிகளும், அவை ஒருங்கே நடத்தும் வேலைவரிசைகளான எட்டுத் திரெட்களும் கொண்டதாகவே இருந்தது. எதிர்த்து நிற்க வேண்டிய ஏ.எம்.டி. நிறுவனம் அக்காலத்தில் தளர்ந்து கிடந்தது. 2017 மார்ச்சில் அது ரைசன் என்ற பெயரில் எட்டுக் கோர்களோடு களமிறங்கிய பின்னரே, அவ்வருஷம் ஒக்டோபரில் இன்டெலின் ஐ7 ஆறு கோர்களைக் கண்டது. போட்டியில்லாத அந்த ஆறேழு வருஷங்களே 2600க்கு நீண்ட ஆயுளைக் கொடுத்தன.

மற்றைய காரணம் இன்னும் ஆழமானது. கடைகளில் இதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பெரிய விளையாட்டுகளை எழுதும் நிறுவனங்கள், மேசைக் கணினியை மாத்திரம் மனத்திற்கொண்டு எழுதுவதில்லை. சோனியின் பிளேஸ்டேஷனும் மைக்ரோசொப்டின் எக்ஸ்பொக்ஸும் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதை முதலில் பார்த்து, அதற்கு அடங்கவே எழுதுகின்றன. 2013 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 4இல் எட்டுக் கோர்கள் இருந்தன என்றாலும், அவை 1.6 கிகாஹேட்ஸ் வேகத்தில் நடைபோட்ட பலவீனமான கோர்கள். அந்தப் பெட்டியில் ஓடுமாறு எழுதிய விளையாட்டு, 3.4 கிகாஹேட்ஸில் தொடங்கும் 2600இல் தாராளமாக ஓடியதில் வியப்பில்லை. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5-ஓ, ஏ.எம்.டி.யின் ஸென் 2 வகையைச் சேர்ந்த எட்டு நல்ல கோர்களை 3.5 கிகாஹேட்ஸ் வரை ஓட்டுவது. முதல் இரண்டு மூன்று வருஷங்கள் நிறுவனங்கள் பழைய பெட்டிக்கும் புதிய பெட்டிக்கும் சேர்த்தே எழுதின. பழைய பெட்டியைக் கைவிடத் தொடங்கியதும், அதுவரை வீரனாயிருந்த நான்கு கோர் ஐ7 ஒரே அடியாகக் கிழவனாயிற்று. சைபர்பங்க் 2077 என்னும் விளையாட்டை எழுதியவர்கள் 2023 செப்டெம்பரில் அதைப் புதுப்பித்தபோது, மிகக் குறைந்த தேவை என்றே ஐ7 6700ஐக் குறித்துவிட்டார்கள். 2600, 3770, 4770 ஆகிய மூன்றும் அக்கோட்டுக்கு வெளியே நின்றன. ஆகவே ஒரு புரொசெசர் பழையதா என்பதைத் தீர்மானிப்பது நாட்காட்டியன்று. விளையாட்டு எழுதுபவர்கள் எந்தப் பெட்டியை மனத்திற்கொண்டு எழுதுகிறார்கள் என்பதே. இன்றைய எல்லைக்கோடு ஸென் 2 காலத்தில், அதாவது 2019ஆம் வருஷத்தை ஒட்டி ஓடுகிறது என்பது என் அபிப்பிராயம். பாவித்ததா புதியதா என்ற வித்தியாசத்தைவிட, அக்கோட்டுக்கு எந்தப் பக்கத்தது என்ற வித்தியாசமே பெரிது.

ஐ7 2600-உம் ஐ3 12100-உம் எண்ணிக்கையில் சமமானவை: நான்கு கோர், எட்டுத் திரெட். 2011இல் அரசனுக்குரிய சேனை 2022இல் கடைக்கோடிக் குடிமகனுக்கும் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கோர் ஒவ்வொன்றின் உள்ளேயும் நடந்திருக்கும் மாறுதல் மிகப் பெரிது. ஒரே துடிப்பில் அதிகமான கட்டளைகளை ஏககாலத்தில் எடுத்து முடிப்பதும், நிரல் எந்தக் கிளையில் திரும்பும் என்று முன்கூட்டியே ஊகிப்பதில் தவறு குறைந்தமையும், அருகிலேயே வைத்துக்கொள்ளும் கேஷ் நினைவகம் 8 எம்.பி.யிலிருந்து 12 எம்.பி. ஆனதும், டீ.டீ.ஆர். 3 ரேமுக்குப் பதிலாக டீ.டீ.ஆர். 4 அல்லது 5 வந்ததும் ஒன்றுசேர, கோர் ஒன்றின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காயிருக்கிறது. அவ்வேகம் அதிகமாக வேண்டப்படுவது, சாதாரணமாக இலேசானவை என்று கருதப்படும் விளையாட்டுகளிலேதான். வலோரன்டும் கவுன்டர் ஸ்ட்ரைக் 2-உம் வீஜீஏவுக்கு அதிக சிரமம் கொடுப்பதில்லை. செக்கனுக்கு நூற்றைம்பது, இருநூறு படங்கள் வேண்டுமென்று ஆடுபவர்கள் கேட்பதால், அத்தனை கட்டளைப் பட்டியல்களையும் இடைவிடாது எழுதிக் கொடுக்கும் புரொசெசர்தான் திணறுகிறது. ஆனால் வீட்டிலிருக்கும் மொனிட்டர் செக்கனுக்கு 60 படங்களை மாத்திரமே காட்டக்கூடியதாயின், இருநூறு படங்கள் வரைந்தாலும் கண்ணுக்குக் கிடைப்பது அறுபதுதான். புரொசெசரைத் தெரிவுசெய்ய வந்தவர் முதலில் தன் மொனிட்டர் செக்கனுக்கு எத்தனை படங்களைக் காட்டும் என்பதை அறிந்துகொண்டு வருவது நல்லது.

புரொசெசர் ஒன்றை வாங்குகிறோம் என்று நாம் சொல்லிக்கொண்டாலும், மெய்யாக வாங்குவது அது அமரும் ஆதாரபீடத்தையே. புரொசெசர் இலகுவில் சாகாது. அதைத் தாங்கும் மதர்போட்தான் சாகும். 2600-உம் 3770-உம் அமரும் 1155 வகை மதர்போட்டைப் பெரிய நிறுவனங்கள் செய்வதை நிறுத்திப் பல வருஷங்களாயின. இன்று புதிதென்று விற்கப்படுபவை பெரும்பாலும் பழைய சிப்களைக் கழற்றிச் சீனத்துச் சிறு தொழிற்சாலைகள் மீண்டும் பொருத்தியவை. அலுவலகப் பெட்டிகளிலோ இன்னும் சில சங்கடங்கள் உண்டு. ஒப்டிபிளெக்ஸ் 790, 2600 சேர்ந்த இரண்டாம் ஜெனரேஷனுக்கு அப்பால் ஏற்காது. 7010 இரண்டாவதையும், 3770 சேர்ந்த மூன்றாவதையும் ஏற்கும். 9020இன் பவர் சப்ளை, பெரிய பெட்டியிலேயே 290 வாட் கொடுப்பது. மதர்போட்டோடு அது இணையும் பிளக் எல்லாரும் பாவிக்கும் 24 முள் பிளக்கன்று, எட்டு முள்ளைக் கொண்ட டெல் நிறுவனத்துத் தனி வகை. ஆகையால் கடையில் வாங்கிய வேறொரு பவர் சப்ளையை நேரே பூட்ட முடியாது. சிறிய பெட்டியாயின் உயரங் குறைந்த வீஜீஏ மாத்திரமே உள்ளே நுழையும். ஜீ.டீ.எக்ஸ். 1050 டீஐ, 1650 ஆகியவற்றில் 75 வாட்டுக்குள் அடங்கி, தனி மின்வயர் வேண்டாத வகைகளே இப்பெட்டிகளுக்கு உகந்தவை.

வீஜீஏ அமரும் பாதையையும் மறந்துவிடலாகாது. 2600 காலத்துப் பீ.சி.ஐ. பாதை இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தது. 2022 ஜனவரியில் ஏ.எம்.டி. வெளியிட்ட ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டீ. என்னும் மலிவான காட், பதினாறு தடங்கள் உள்ள பாதையில் நான்கு தடங்களை மாத்திரமே பாவிப்பது. நான்காம் தலைமுறைப் பாதையில் அது பெரிய குறையாகத் தெரிவதில்லை. இரண்டாம் தலைமுறைப் பாதையில் ஒவ்வொரு தடத்தின் வேகமும் நாலில் ஒன்றாகிவிடுவதால், அக்காட்டின் திறமையிற் பெரும் பகுதி வழியிலேயே வீணாகும். இன்டெலின் ஆர்க் வகைக் காட்களும், மதர்போட்டில் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாவிடில் தம் முழுப் பலத்தைக் காட்டுவதில்லை. அவ்வசதி அந்தப் பழைய பெட்டிகளில் இல்லை. மலிவான பழைய புரொசெசரையும் மலிவான புதிய வீஜீஏவையும் சேர்த்தால் இலாபம் என்று போடும் கணக்கு பலவேளைகளில் இங்கேதான் பிழைக்கிறது.

விண்டோஸின் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் வழங்கிய பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெலாயின் எட்டாம் ஜெனரேஷனையும் ரைசனாயின் 2000 வரிசையையுமே தொடக்கமாக ஏற்பது. குறுக்கு வழியில் பழையதிலும் அதைப் பதித்துத் தருவோர் உண்டு. ஆனால் விண்டோஸ் 11இல் வலோரன்ட் ஓட வேண்டுமாயின் டீ.பீ.எம். 2.0, செக்கியூர் பூட் என்னும் பாதுகாப்பு வசதிகள் இருந்தாக வேண்டும் என்று அவ்விளையாட்டின் காவல் நிரல் பிடிவாதமாயிருப்பதால், குறுக்கு வழி அந்த வாசலில் அடைபடும். இரண்டாம், மூன்றாம் ஜெனரேஷன் புரொசெசர்களில் ஏ.வி.எக்ஸ். 2 என்னும் கட்டளைத் தொகுதியும் இல்லை; அதை எதிர்பார்த்து எழுதிய சில புதிய விளையாட்டுகள் அவற்றில் திறக்கவே மாட்டா.

அண்மைக்காலமாகச் சிலர் சியோன் புரொசெசர்களை வரவழைத்து விற்கிறார்கள். இ5 2680 வி4 என்பதில் பதினான்கு கோர்களும் இருபத்தெட்டுத் திரெட்களும் உண்டு; விலையோ ஆச்சரியப்படத்தக்க மலிவு. சேவர்களில் ஆயிரம் பேரின் சிறு வேலைகளை ஒருங்கே செய்யப் பிறந்த அப்புரொசெசர், ஒரு கோரில் எட்டும் உச்ச வேகம் 3.3 கிகாஹேட்ஸ், குடிக்கும் மின்சாரம் 120 வாட். காணொளி தொகுப்பவருக்கு அது பிரயோசனப்படலாம். விளையாட்டு பதினான்கு பேருக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பதில்லை. ஓரிருவரின் வேகத்தையே அது நம்பியிருக்கிறது.

மின்சாரத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் படும் கவலைக்கும் பதில் சொல்ல வேண்டும். 2600இன் அளவு 95 வாட், 12100இன் அடிப்படை அளவு 60 வாட். விளையாட்டின்போது இடையில் 40 வாட் வித்தியாசம் என்று கொண்டாலும், நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் மாதம் முழுவதும் ஆடினால் கூடுவது ஐந்து அலகுக்குள்ளேதான். மின்சாரக் கட்டணம் 60, 90, 120, 180 அலகுகள் என்று படிப்படியாக ஏறுவதால், ஒரு படியின் விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு அந்த ஐந்து அலகும் கனக்கலாம். மற்றபடி பழைய புரொசெசர் மின்சாரத்தைத் தின்றுவிடும் என்பது மிகைக் கூற்று. மெய்யாகத் தின்பது வீஜீஏ. 2022 செப்டெம்பரில், வீஜீஏக்களைக்கொண்டு எதேரியம் என்னும் மின்னாணயத்தை அகழும் தொழில் முடிவுற்றதும் சந்தையில் வந்து குவிந்த ஆர்.எக்ஸ். 580 காட் 185 வாட் குடிப்பது. ஐ3-க்கும் ஐ7-க்கும் உள்ள வித்தியாசம் அதன்முன் சிறிது.

இனி அந்தப் பையனிடம் திரும்புவோம். வீட்டில் ஏற்கெனவே ஒப்டிபிளெக்ஸ் 7010 ஒன்று, உள்ளே ஓர் ஐ3 அல்லது ஐ5 புரொசெசரோடு இருந்து, மொனிட்டரும் அறுபதையே காட்டுவதாயின், அவன் புதியதைத் தேடி அலைய வேண்டியதில்லை. பாவித்த ஐ7 3770 ஒன்றைத் தனியாக வாங்கிப் பூட்டி, 75 வாட் வீஜீஏ ஒன்றையும் சேர்த்தால், ஜீ.டீ.ஏ. 5, கோல் ஒப் டியூட்டியின் பழைய பாகங்கள், கிரிக்கெட் விளையாட்டுகள் ஆகிய அனைத்தையும் மனநிறைவோடு ஆடலாம். அதற்குமேல் அந்தப் பெட்டியில் ஒரு ரூபாயும் போடலாகாது; டீ.டீ.ஆர். 3 ரேமும் அந்தப் பவர் சப்ளையும் அடுத்த கணினிக்கு உதவமாட்டா.

வீட்டில் எதுவும் இல்லை, அடித்தளத்திலிருந்து தொடங்குகிறோம் என்றால் நான்கு கோர்ப் பழைய ஐ7-ஐ நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன். பாவித்ததே வாங்க வேண்டுமாயின் 2019 ஜூலையில் வெளிவந்த ரைசன் 5 3600, பீ450 மதர்போட்டோடு, மிக நல்ல தெரிவு: ஆறு கோர், 65 வாட், விண்டோஸ் 11 ஏற்கும், எல்லாவற்றிலும் மேலாக, அதே மதர்போட்டின் பயோஸைப் புதுப்பித்துவிட்டு, சில வருஷங்களுக்குப் பின் 5600ஐயோ 5800 எக்ஸ்3டீயையோ அதே குழியில் அமர்த்தலாம். பழையதை வாங்குபவர் தேட வேண்டியது இப்படி முன்னே வழியுள்ள பழையதைத்தான்.

ஆனால் நம் ஊரின் வாழ்க்கைமுறையை நினைக்கையில், புதிய ஐ3 12100-க்கு ஒரு விசேஷம் இருப்பதைக் காண்கிறேன். விளையாட்டுகளில் அது 3600ஐ ஒத்தும் பலவற்றில் முந்தியும் நிற்கிறது என்பது ஒருபுறம் இருக்க, அதனுள்ளேயே சிறியதொரு வீஜீஏ அடங்கியிருக்கிறது. 3600இல் அது இல்லை, வெளியே ஒன்றைப் பூட்டினாலன்றி மொனிட்டரில் எழுத்துக்கூடத் தோன்றாது. கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ மாதா மாதம் வரும் பணத்தில் வீட்டுச் செலவும் தங்கையின் டியூஷன் கட்டணமும் போக எஞ்சியதைக்கொண்டு வாங்கும் குடும்பம், முழுக் கணினியையும் ஒரே நாளில் வாங்க வேண்டிய அவசியம் இப்போது இல்லாது போகிறது. புரொசெசரும் மதர்போட்டும் ரேமும் இன்று. பாடமும் வலோரன்ட் போன்ற இலேசான விளையாட்டும் அன்றிலிருந்தே நடக்கும். வீஜீஏ அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வரட்டும். இதன் பொருட்டே, சில நூறு ரூபாயோ சில ஆயிரமோ குறைகிறதென்று 12100 எப் என்பதை வாங்கிவிடக் கூடாது; எப் என்ற எழுத்து, உள்ளிருக்கும் வீஜீஏ இல்லை என்பதற்கு அடையாளம். 2025 இறுதியிலிருந்து உலகெங்கும் ரேம் விலை கடுமையாக ஏறியிருப்பதையும் மனத்திற்கொண்டு, டீ.டீ.ஆர். 4 ஏற்கும் மதர்போட்டையே கேட்டு வாங்குவது நன்று. உறவினர் ஒருவரின் பழைய கணினியிலிருந்து கிடைக்கும் ரேமும் அதில் பயன்படும்.

பாவித்ததை வாங்குபவர் சில பரிசோதனைகளைத் தவறாமற் செய்ய வேண்டும். இன்டெலாயின் மதர்போட்டின் குழியிலும், ரைசன் 3600, 5600 போன்றவையாயின் புரொசெசரின் அடியிலும் உள்ள முட்களில் ஒன்றேனும் வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். மூடியில் கொன்பிடென்ஷல் என்ற சொல் பொறித்திருந்தால் அது விற்பனைக்குச் செய்ததன்று, பரிசோதனை மாதிரி, தொடவேண்டாம். சீபியூ-இசட் என்ற இலவச நிரலைத் திறந்து, கடைக்காரர் சொன்ன பெயரும் திரையில் தெரியும் பெயரும் ஒன்றா என்று ஒப்பிட வேண்டும். நம் கரையோர ஊர்களில் கடற்காற்றின் உப்பு மதர்போட்டின் உலோகப் பாகங்களைப் பச்சை பூக்கச் செய்யும். ரேம் குழிகளையும் பின்புறத் துவாரங்களையும் உற்றுப் பார்த்து, எல்லா ரேம் குழிகளிலும் ரேமை மாற்றி மாற்றிப் பூட்டி இயக்கச் சொல்ல வேண்டும். காய்ந்துபோன தேர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசுவது சொற்ப செலவில் முடியும் காரியம்.

புரொசெசர் இலகுவில் சாகாது என்று மேலே சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அது பழையதில் அன்று, மிகப் புதியதில். இன்டெலின் பதின்மூன்றாம், பதினான்காம் ஜெனரேஷன்களின் உயர்ந்த வகைகள், தேவைக்கு அதிகமான வோல்டேஜை உட்கொண்டு காலப்போக்கில் உள்ளே சிதைந்து போவது 2024இல் வெளிப்பட்டது. அவ்வருஷம் ஓகஸ்டில் நிறுவனம் அதற்கான திருத்தத்தை வெளியிட்டு, பாதிக்கப்பட்ட வகைகளுக்கு வொரன்டியை இரண்டு வருஷம் நீட்டியது. திருத்தம் மேலும் சிதையாமற் காக்குமேயன்றி, முன்பே சிதைந்ததைச் சீராக்காது. ஆகவே பாவித்த ஐ7 13700 கே அல்லது ஐ9 14900 கே மலிவாகக் கிடைக்கிறதென்று எவரேனும் சொன்னால், மீதி வொரன்டியின் பத்திரத்தைக் கையில் வாங்காமல் பணத்தைக் கொடுக்கலாகாது. பன்னிரண்டாம் ஜெனரேஷனில் இக்குறை இல்லை.

கடைசியாக, எதை வாங்கினாலும் பணத்தைக் கொடுக்குமுன் அரை மணித்தியாலம் கடையிலேயே ஒரு விளையாட்டை ஓடவிட்டு, சூடு எவ்வளவு ஏறுகிறது, இடையில் நின்று போகிறதா என்று பார்க்கக் கேளுங்கள். நல்ல வியாபாரி இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார். மறுப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை.